அச்சகத்துக் கணினியில் எக்ஸ்பி: மூன்று இயங்குதளங்கள், இரண்டு டிஸ்க், ஒரு டாங்கிள்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம், அவ்வப்போது ஒரு கும்பாபிஷேக மலர். இதுதான் தொழில். இருபது வருடங்களுக்கு மேலாக எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்த வேலை. அந்த பேஜ்மேக்கர் ஓடிய விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் மதர்போர்டு ஒருநாள் போய்விட்டது. கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன, சரிசெய்வதற்கில்லை. 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் மட்டும் நல்ல நிலையில் இருந்தது. கடையில் இன்னொரு கணினி உண்டு. எச்61 சிப்செட் போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். அதில் ஏற்கெனவே விண்டோஸ் 10-உம் லினக்ஸ் மின்ட்டும் இருந்தன. பில் போடவும் ஜிஎஸ்டி வேலைக்கும் விண்டோஸ், மெயிலுக்கும் யூனிகோடு வேலைக்கும் மின்ட். இந்த இரண்டையும் தொடாமல் எக்ஸ்பியை மூன்றாவதாக உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை.

"தம்பி, பழைய ஃபைல் எல்லாம் அப்படியே திறக்கணும். எழுத்து ஒண்ணுகூட மாறக்கூடாது" என்றார் முதலாளி.

"எழுத்து மாறாது அண்ணாச்சி. ஆனா எக்ஸ்பி-ல இன்டர்நெட் கிடையாது, அதுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், எக்ஸ்பியை நிறுவிப் பூட் செய்யும் வழி பல இடங்களில் கிடைக்கிறது என்றாலும், பூட் ஆன பிறகு அது பக்கத்தில் இருக்கும் புதிய இயங்குதளங்களை என்ன செய்யும் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுவதுதான். என் அனுபவத்தில் சேதம் அங்கேதான் நடக்கிறது. பூட் ஆகாவிட்டால் உடனே தெரிந்துவிடும். பூட் ஆகிவிட்டுப் பக்கத்து பார்ட்டிஷனைக் கெடுத்தால் வாரக்கணக்கில் தெரியாது.

எதற்கு எக்ஸ்பி, வெர்ச்சுவல் மெஷின் போதாதா?

முதலில் பார்த்தது அதைத்தான், இருக்கும் இயங்குதளத்துக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை உண்டாக்கி அதில் எக்ஸ்பியை ஓட்டுவதை. போதுமானதாக இருந்திருந்தால் இந்த வேலையே தேவையில்லை. சிக்கல் பேஜ்மேக்கரில் இல்லை, தமிழ் எழுத்துருக்களில் இருந்தது. அந்தக் காலத்து டிடிபி எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். எழுத்துருவை மட்டும் நகலெடுத்துப் போட்டால் படிக்க முடியும். அச்சகத்தில் பாதி வேலை திருத்துவதுதான்: போன வருடப் பத்திரிகையில் பெயரையும் தேதியையும் மாற்றி இந்த வருடம் அடிப்பார்கள். அதற்கு அந்த எழுத்துருவோடு வந்த விசைப்பலகை மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளோ, பழைய பிரின்டர் இணைப்பான பாரலல் போர்ட்டில் செருகும் ஒரு டாங்கிளை, அதாவது உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு வன்பொருள் பூட்டைக் கேட்கிறது. விற்ற நிறுவனம் இப்போது இல்லை.

டாங்கிளோடு பேசும் டிரைவர் 32 பிட். 64 பிட் விண்டோஸ் 10-இல் அது ஏறாது. நிறுவும் புரோகிராமே 16 பிட் காலத்தது, 64 பிட் விண்டோஸ் அதைத் தொடக்கூட மறுக்கும். வெர்ச்சுவல் மெஷினுக்குள் எக்ஸ்பி நன்றாகவே ஓடுகிறது, பேஜ்மேக்கரும் திறக்கிறது. ஆனால் டாங்கிள் மென்பொருள் பாரலல் போர்ட்டின் 378 என்ற முகவரியில் நேரடியாகப் போய்த் தட்டுகிறது. இடையில் இன்னொரு இயங்குதளம் நின்றால் அந்தத் தட்டல் வன்பொருளுக்குப் போய்ச் சேருவதில்லை. சில டாங்கிள்கள் பதில் வரும் நேரத்தையும் கணக்கில் எடுக்கும் என்பதால், எப்படியோ கடத்திவிட்டாலும் நம்பிக் கடை நடத்த முடியாது. இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். பக்க அமைப்பு ஓரளவு வந்துவிடும், எழுத்துருப் பிரச்சினை அப்படியே இருக்கும். ஆகவே நேரடியாக வன்பொருளின்மேல் ஓடும் எக்ஸ்பி தவிர வேறு வழியில்லை. நல்லவேளையாக, எச்61 போர்டின் பின்பக்கம் 25 பின் பாரலல் போர்ட் உண்மையிலேயே இருந்தது. எக்ஸ்பிக்கான சிப்செட், கிராஃபிக்ஸ் டிரைவர்களும் அந்தத் தலைமுறைக்கு உண்டு.

பழைய 80 ஜிபி டிஸ்கையே மாட்டிப் பூட் செய்துவிடலாமே என்று ஆபரேட்டர் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். அது ஐடிஇ டிஸ்க், புதிய போர்டில் அதற்கு இணைப்பே கிடையாது. யூஎஸ்பி அடாப்டர் வழியாகப் படிக்கலாமே தவிர எக்ஸ்பி அதிலிருந்து பூட் ஆகாது. வேறு டிஸ்குக்கு அப்படியே குளோன் செய்தாலும் பழைய போர்டின் கன்ட்ரோலருக்குப் பழகிய எக்ஸ்பி, புதிய கன்ட்ரோலரைப் பார்த்ததும் ஸ்டாப் 7பி என்ற நீலத்திரையோடு நின்றுவிடும். பூட் செய்த டிஸ்கையே காணவில்லை என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். புதிதாக நிறுவுவதே சுத்தம்.

ஒரே டிஸ்கில் ஏன் வைக்கவில்லை

கணினியில் இருந்த 500 ஜிபி டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது. விண்டோஸ் 7-ஆக இருந்து 10-க்கு மேம்படுத்தியது என்பதால் அப்படி. இது சாதகம்தான். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்கைப் படிக்கத் தெரியாது, பழைய பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ வழியாகப் பூட் ஆகவும் தெரியாது. டிஸ்க் ஜிபிடியாக இருந்திருந்தால், பழைய பயாஸ் முறைக்கு ஒன்று, யூஇஎஃப்ஐ முறைக்கு ஒன்று என்று கணினியே இரண்டு முகம் காட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் எம்பிஆரில் முதன்மைப் பார்ட்டிஷன் நான்குதான். இங்கே விண்டோஸின் சிறிய சிஸ்டம் பார்ட்டிஷன், விண்டோஸ் 10, அப்புறம் ஒரு எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன், அதற்குள்ளே மின்ட் என்று இருந்தது. ஓர் இடம் காலிதான். வழக்கமாக எல்லோரும் அந்த நான்காம் இடத்தில் எக்ஸ்பியைப் போட்டுவிட்டு, பிறகு பூட் மெனுவைப் பழுதுபார்ப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. காரணம் எக்ஸ்பியின் நிறுவி நடந்துகொள்ளும் விதம்.

விண்டோஸ் கோப்புறையை நீங்கள் எந்தப் பார்ட்டிஷனில் போடச் சொன்னாலும் சரி, பூட் செய்வதற்கான மூன்று ஃபைல்களை, அதாவது என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட், பூட்.ஐஎன்ஐ ஆகியவற்றை, முதல் டிஸ்கின் ஆக்டிவ் பார்ட்டிஷனில்தான், அதாவது பூட் ஆவதற்கென்று குறித்த பார்ட்டிஷனில்தான், எக்ஸ்பி வைக்கும். அங்கே ஏற்கெனவே விண்டோஸ் 10-ஐத் தொடங்கி வைக்கும் பூட்எம்ஜிஆர் உட்கார்ந்திருக்கும். அந்தப் பார்ட்டிஷனின் பூட் செக்டரை எக்ஸ்பி தன் செக்டரால் மேலெழுதும். டிஸ்கின் முதல் செக்டரில் மின்ட்டின் பூட் மெனுவான க்ரப் இருந்தால் அதுவும் போகும். 2007-இல் விஸ்டா வந்தபோது பூட் முறையே மாறிவிட்டது. அதற்கு முன்னால் எழுதப்பட்ட எக்ஸ்பிக்குத் தனக்குப் பின்னால் வந்த எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை மதிக்கவும் செய்யாது. பழையதை முதலில், புதியதைப் பிறகு நிறுவு என்ற அறிவுரைக்கு அடிப்படை இதுதான். இங்கே அந்த வரிசைக்கு வாய்ப்பில்லை, புதியவை ஏற்கெனவே இருக்கின்றன.

இன்னொரு ஆபத்தும் உண்டு, பலர் கேள்விப்படாதது. எக்ஸ்பி காலத்தில் பார்ட்டிஷன்கள் 63-ஆம் செக்டரில் தொடங்கும், பழைய சிலிண்டர் கணக்குப்படி. விஸ்டா முதல் 2048-ஆம் செக்டரில், அதாவது 1 எம்பி எல்லையில் தொடங்குகின்றன. இந்தப் புதிய கணக்கில் அமைந்த எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனை எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கைவைத்து மாற்றினால், உள்ளே இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் காணாமல் போகலாம். இங்கே மின்ட் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் எப்போதோ ஒரு நாள் எக்ஸ்பியில் டிரைவ் எழுத்தை மாற்றப் போய், ஆக்டிவ் பார்ட்டிஷனை மாற்றிவிட்டால் தீர்ந்தது. எக்ஸ்பிக்கு அந்த டிஸ்கே தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எனவே இரண்டாவது டிஸ்க். 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினோம். இரண்டு டிஸ்க் என்பது வசதிக்காகச் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். என் கருத்தில் பழைய இயங்குதளம் வரும் இடத்தில் அது கட்டாயம். அந்த விலைக்கு வேறு எந்த வேலையிலும் இவ்வளவு நிம்மதி கிடைக்காது.

நிறுவுவதற்கு முன்

500 ஜிபி டிஸ்க் முழுவதையும் வெளி டிஸ்குக்குப் பிரதி எடுத்தேன். அதோடு, மின்ட்டிலிருந்து டிடி கட்டளையால் முதல் 2048 செக்டர்களைத் தனியாக ஒரு ஃபைலில் சேமித்தேன். முதல் செக்டர் 512 பைட். அதில் பூட் குறிமுறை முன்பகுதியில், பார்ட்டிஷன் அட்டவணை பின்பகுதியில். பிற்பாடு க்ரப்பை மட்டும் திருப்பிப் போட வேண்டுமென்றால் முதல் 440 பைட்டை மட்டும் எழுத வேண்டும். முழு 512-ஐயும் எழுதினால், இடையில் பார்ட்டிஷன்களை மாற்றியிருக்கும் பட்சத்தில் பழைய அட்டவணை திரும்பி வந்து குழப்பிவிடும்.

அடுத்தது சாட்டா முறை, அதாவது போர்டு டிஸ்கோடு பேசும் விதம். பயாஸில் ஏஹெச்சிஐ என்று இருந்தது. எக்ஸ்பி சிடியில் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. அப்படியே சிடியைப் போட்டால் நிறுவத் தொடங்கும்போதே அதே 7பி நீலத்திரை. பயாஸில் ஐடிஇ என்று மாற்றினால் எக்ஸ்பி உற்சாகமாக ஏறும், ஆனால் விண்டோஸ் 10 அதே வகைப் பிழையோடு படுத்துவிடும். மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். கடையில் வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் போவதை நான் ஒரு தீர்வாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் கொடுப்பார்கள். இன்றைக்கு ஃப்ளாப்பி டிரைவுக்கு எங்கே போவது? என்லைட் என்ற மென்பொருளால் சிடியின் உள்ளடக்கத்தை ஒரு கோப்புறையில் பிரதியெடுத்து, சர்வீஸ் பேக் 3-ஐயும் இன்டெலின் ஏஹெச்சிஐ டிரைவரையும் அதற்குள் சேர்த்து, புதிய சிடி எழுதினேன். டிரைவரைச் சேர்க்கும்போது டெக்ஸ்ட்மோட் டிரைவர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண பிளக் அண்ட் பிளே என்று விட்டால் நிறுவலின் முதல் கட்டத்தில் அது பயன்படாது. டிரைவரும் எக்ஸ்பிக்கு ஆதரவு இருந்த பழைய பதிப்பாக இருக்க வேண்டும்.

கடையில் இருந்தது சர்வீஸ் பேக் 2 சேர்ந்த சிடி, ஆக்டிவேஷன் கேட்காத வால்யூம் உரிமம். அது நல்லதாகப் போயிற்று. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பி சிடிக்கு 137 ஜிபிக்கு மேல் டிஸ்கை முகவரியிடத் தெரியாது. சர்வீஸ் பேக் 1-இல்தான் அது சரியானது. பெரிய டிஸ்கில் அந்த முதல் சிடியைப் போட்டு, எல்லைக்கு அப்பால் இருந்த தரவைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கையில் இருக்கும் சிடி எந்தக் காலத்தது என்று பார்க்காமல் போடாதீர்கள்.

எஸ்எஸ்டியை எக்ஸ்பி நிறுவியிடம் பிரிக்கக் கொடுக்கவில்லை. கொடுத்தால் 63-ஆம் செக்டரில் தொடங்கும். எஸ்எஸ்டியின் உள் பக்க எல்லைகளோடு அது பொருந்தாமல், டிஸ்கில் ஒவ்வொரு முறை எழுதுவதும் இரட்டை வேலையாகும். மின்ட்டில் ஜிபார்ட்டட் திறந்து 1 எம்பி எல்லையில் மூன்று முதன்மைப் பார்ட்டிஷன்களை நானே உண்டாக்கினேன். எக்ஸ்பிக்கு 30 ஜிபி, வேலை ஃபைல்களுக்கு 50 ஜிபி, பரிமாற்றத்துக்கு 16 ஜிபி ஃபேட்32. முதல் பார்ட்டிஷனுக்கு பூட் கொடி. ஏற்கெனவே இருக்கும் பார்ட்டிஷனை எக்ஸ்பி அப்படியே ஏற்றுக்கொள்ளும், எல்லையை மாற்றாது. அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வசதி எக்ஸ்பிக்குக் கிடையாது என்பதால் மிச்ச இடத்தைப் பிரிக்காமல் காலியாகவே விட்டேன்.

மூன்றையும் முன்கூட்டியே உண்டாக்கியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பேஜ்மேக்கர் படங்களை இணைப்பாக வைக்கும்போது முழுப் பாதையையும் நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய கணினியில் வேலைகளும் படங்களும் டி டிரைவில் இருந்தன. இங்கேயும் அவை டி டிரைவாகவே வர வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு ஃபைலிலும் ஒவ்வொரு படத்துக்கும் எங்கே இருக்கிறது என்று கேட்கும். பார்ட்டிஷன்கள் முன்பே இருந்தால் சி, டி, இ என்று அவற்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எக்ஸ்பி சிடி டிரைவுக்குப் போகும்.

நிறுவல்

500 ஜிபி டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றினேன். முன்பக்கக் கார்டு ரீடரின் கேபிளையும் கழற்றினேன். இதற்குச் சிரிக்கக்கூடாது: கார்டு ரீடர் மாட்டியிருந்தால் எக்ஸ்பி நிறுவி அதன் காலித் துளைகளுக்கு முதல் எழுத்துகளைக் கொடுத்துவிட்டு விண்டோஸைப் போய் ஜி டிரைவில் உட்கார வைத்துவிடும். பிறகு மாற்றவே முடியாது.

நிறுவல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீலத்திரை எழுத்துக் கட்டம், என்டிஎஃப்எஸ் ஃபார்மட், ரீபூட், பச்சைப் புல்வெளி. டிரைவர்களில் சிப்செட், கிராஃபிக்ஸ், லேசர் பிரின்டர் போட்டேன். நெட்வொர்க் டிரைவரை வேண்டுமென்றே போடவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது. அதனோடு வந்த உலாவிக்கு, தளங்களோடு பாதுகாப்பாகப் பேசும் டிஎல்எஸ் 1.2 முறை தெரியாது, எனவே இன்றைய தளங்களில் பெரும்பாலானவை திறக்கவே திறக்காது. திறக்காத ஒன்றுக்காகக் கதவைத் திறந்து வைப்பானேன்?

டாங்கிள் உடனே வேலை செய்யவில்லை. எதிர்பார்த்ததுதான். பயாஸில் பாரலல் போர்ட் இசிபி முறையில் இருந்தது. அதை இபிபிக்கு மாற்றி, முகவரி 378, குறுக்கீட்டு எண் 7 என்று வைத்ததும் மென்பொருள் அடையாளம் கண்டுகொண்டது. வேறு டாங்கிள்களுக்கு எஸ்பிபி சரியாக வரலாம், மூன்றையும் மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. ஒரு சிறு விஷயம்: ஆபரேட்டர் அக்காவுக்கு ஃபைல் பெயர்கள் யூனிகோடு தமிழிலும் தெரிய வேண்டியிருந்தது. எக்ஸ்பியில் அது தானாக வராது. கன்ட்ரோல் பேனலில் பிராந்திய அமைப்புகளுக்குள் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஃபைல்களை நிறுவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் குறியிட வேண்டும். சிடியைக் கேட்கும், கொடுத்தால் போதும்.

பூட் மெனு

கேபிளைத் திரும்ப மாட்டியபின் எளிய வழி ஒன்று இருக்கிறது. கணினி தொடங்கும்போது பயாஸின் பூட் மெனு விசையை அழுத்தி எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்பி வரும். அப்போது பயாஸ் அந்த டிஸ்கையே முதல் டிஸ்காகக் காட்டுவதால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கு மட்டுமல்ல, விவரம் தெரிந்தவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் இங்கே மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கணினி. திரையில் மூன்று வரி தெரிந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர்களுக்கு ஒத்துவரும்.

விண்டோஸ் 10-இன் சொந்த மெனுவில் எக்ஸ்பியைச் சேர்க்கலாம். ஆனால் அந்த நீல நிற மெனு விண்டோஸ் 10 பாதி ஏறிய பிறகுதான் வரும். எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் கணினி மறுபடி ரீபூட் ஆகி அப்புறம்தான் போகும். பழைய கறுப்பு மெனுவுக்கு மாற்றவும் வழி உண்டு. ஆனாலும் மின்ட்டின் க்ரப் ஏற்கெனவே முன்னால் நிற்கும்போது இரண்டு மெனு எதற்கு? க்ரப்பில் சேர்த்தேன். க்ரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தானாகத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கித் தேடவிடுவதைவிட, தனிப்பயன் ஃபைலில் கையால் ஒரு பதிவு எழுதுவது தெளிவாக இருக்கும்.

அந்தப் பதிவில் எஸ்எஸ்டியின் பூட் செக்டருக்குக் கட்டுப்பாட்டைக் கைமாற்று என்று மட்டும் எழுதினால் ஒரு பிழை வரும். ஹால்.டிஎல்எல் காணவில்லை அல்லது கெட்டுவிட்டது என்று சொல்லும். உலகத்தில் எத்தனையோ பேர் இந்தச் செய்தியை நம்பி அந்த ஃபைலைச் சிடியிலிருந்து எடுத்துப் போட்டு நேரத்தை வீணாக்கியிருப்பார்கள். ஃபைல் நன்றாகவே இருக்கிறது. தனியாக நிறுவியபோது எஸ்எஸ்டி முதல் டிஸ்க், ஆகவே பூட்.ஐஎன்ஐ ஃபைலில் டிஸ்க் எண் 0 என்று பதிவானது. இப்போது க்ரப் இருக்கும் 500 ஜிபி டிஸ்க்தான் பயாஸுக்கு முதல் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டாவது. என்டிஎல்டிஆர் 0-ஆம் டிஸ்கில் போய் விண்டோஸ் கோப்புறையைத் தேடுகிறது. அங்கே முதல் பார்ட்டிஷனில் அப்படி ஒன்றும் இல்லை. முதலில் தேவைப்படும் ஃபைல்களில் ஒன்று ஹால் என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

பூட்.ஐஎன்ஐயில் 0-ஐ 1 ஆக்கினால் க்ரப் வழியாக வரும், ஆனால் பயாஸ் மெனு வழியாக வராது. அதைவிட, க்ரப்பின் டிரைவ்மேப் கட்டளையால் இரண்டு டிஸ்குகளின் எண்களையும் தற்காலிகமாக இடம் மாற்றிவிட்டு பிறகு கைமாற்றுவது மேல். எஸ்எஸ்டி தன்னை முதல் டிஸ்க் என்றே நம்பிக்கொள்ளும். க்ரப் என்றாவது கெட்டுப்போனாலும் பயாஸ் மெனு வழியாக எக்ஸ்பி திறக்கும். எஸ்எஸ்டியைக் கழற்றினால் விண்டோஸ் 10-உம் மின்ட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடும்.

பக்கத்து வீட்டோடு பழகுவது

எக்ஸ்பி ஓடும்போது 500 ஜிபி டிஸ்க் மாட்டித்தான் இருக்கிறது. அதிலுள்ள விண்டோஸ் 10 பார்ட்டிஷன் என்டிஎஃப்எஸ் என்பதால் எக்ஸ்பி அதைத் திறந்து பார்க்கும். பார்த்தவுடன் இரண்டு காரியம் செய்யும். ஒன்று, புதிய விண்டோஸ் வைத்திருக்கும் ஷேடோ காப்பிகள், அதாவது ரெஸ்டோர் பாயின்ட்கள், எக்ஸ்பிக்குப் புரியாத வடிவத்தில் இருப்பதால் அவற்றை அழித்துவிடும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை, எக்ஸ்பி ஒருமுறை பூட் ஆனாலே போதும். இரண்டாவது, விண்டோஸ் 8-க்குப் பிறகு என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலின் வடிவமும் மாறியிருக்கிறது. புதிய விண்டோஸ் ஒழுங்காக மூடப்பட்டால் அதைப் பழைய வடிவத்துக்கு மாற்றி வைத்துவிட்டே போகும். ஒழுங்காக மூடப்படாவிட்டால் எக்ஸ்பிக்கு அந்தப் பார்ட்டிஷன் கெட்டுப்போனதாகத் தெரியும், உடனே செக்டிஸ்க் ஓட்டிச் சரிசெய்யப் பார்க்கும்.

எக்ஸ்பியின் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்கள் பட்டியலில் 500 ஜிபி டிஸ்கை முடக்கிவைத்தேன். இனி எக்ஸ்பிக்கு அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே தெரியாது. முடக்குவதற்கு முன் நடந்த அந்த முதல் பூட்டில் ரெஸ்டோர் பாயின்ட்கள் போகும் என்று தெரிந்துதான் விட்டேன். முழுப் பிரதி கையில் இருந்தது. பிறகு விண்டோஸ் 10-இல் புதிதாக ஒன்று உண்டாக்கினேன், அது நிலைத்திருக்கிறது.

இப்போது ஒழுங்காக மூடுவது பற்றி. விண்டோஸ் 8-இலிருந்து ஷட்டவுன் என்றால் முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் கெர்னலை டிஸ்கில் உறங்க வைத்துவிட்டுப் போகிறது. எக்ஸ்பிதான் அந்த டிஸ்கைப் பார்ப்பதில்லையே, பிறகென்ன என்று தோன்றும். பிரச்சினை மறுபக்கத்தில் இருக்கிறது. பரிமாற்றத்துக்கு வைத்த 16 ஜிபி ஃபேட்32 பார்ட்டிஷனை விண்டோஸ் 10-உம் திறந்து வைத்திருக்கும். அது உறங்கும்போது அந்தப் பார்ட்டிஷனின் அட்டவணையையும் நினைவில் பிடித்துக்கொண்டே உறங்கும். இடையில் எக்ஸ்பி அங்கே ஒரு பிடிஎஃப் எழுதினால், விழித்தெழுந்த விண்டோஸ் 10 தன் பழைய நினைவையே உண்மை என்று நம்பி மேலே எழுதும். பிடிஎஃப் காணாமல் போகும், அல்லது பாதி வேறொரு ஃபைலாக இருக்கும். இரண்டு விண்டோஸும் சேர்ந்து தொடும் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கக்கூடாது. அமைப்பில் ஒரு குறியை எடுப்பதோடு நிறுத்தாமல், பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேட் வசதியையே முழுவதுமாக அணைத்தேன். அதன்பின் அந்தக் குறியே அமைப்பில் தெரியாது, யாரும் தெரியாமல் திரும்பப் போடவும் முடியாது. டிஸ்கில் பல ஜிபி இடமும் மிச்சமாகிறது.

கடிகாரமும் ஒன்று உண்டு. லினக்ஸ் போர்டின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். எக்ஸ்பியும் விண்டோஸ் 10-உம் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். மின்ட்டிலிருந்து வந்தால் எக்ஸ்பியில் மணி ஐந்தரை மணிநேரம் பின்னால் இருக்கும். விண்டோஸ் 10 இன்டர்நெட்டில் பார்த்துத் திருத்திக்கொள்ளும், நெட் இல்லாத எக்ஸ்பிக்கு அந்த வழி இல்லை. காலையில் திருத்திய பத்திரிகை விடிவதற்கு முந்தைய நேரத்தில் நின்றால் எது கடைசிப் பிரதி என்று அச்சகத்தில் சண்டை வரும். மின்ட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதோடு சரி.

இப்போது வேலை நடக்கும் விதம்

80 ஜிபி டிஸ்கின் டி டிரைவை யூஎஸ்பி அடாப்டர் வழியாக அப்படியே புதிய டி டிரைவுக்குப் பிரதியெடுத்தேன். படங்களின் இணைப்புகள் கேள்வி கேட்காமல் திறந்தன. ஆபரேட்டர் அக்கா எக்ஸ்பியில் திருத்துகிறார். பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட், அதிலிருந்து டிஸ்டில்லர் வழியாக எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப். அதைப் பரிமாற்றப் பார்ட்டிஷனில் வைத்துவிட்டு விண்டோஸ் 10-க்கு வந்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்புகிறார். ஒவ்வொரு புரூஃபுக்கும் ஒரு ரீபூட் என்பது அவருக்குச் சலிப்புத்தான். "ரெண்டு திருத்தத்த சேத்து அனுப்பச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டார், அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பில் வேலையை வேறு கணினிக்கு மாற்றும் பேச்சு நடக்கிறது. அப்போது இந்தக் கணினியில் 500 ஜிபி டிஸ்க் மாறலாம், எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. மாற்ற முடியாதது போர்டுதான். 2020-உடன் பழைய பயாஸ் முறைக்கான ஆதரவைக் கைவிடுவதாக இன்டெல் அறிவித்திருந்தது. பெரும்பாலான புதிய போர்டுகளில் எக்ஸ்பி பூட் ஆக இடமே இல்லை, பாரலல் போர்ட்டும் இல்லை. கார்டு வாங்கிச் செருகினால் அது வேறு முகவரியில் வரும், இந்த டாங்கிள் மென்பொருள் 378-ஐத் தவிர வேறெங்கும் தேடாது. அதனால் இன்னொரு பழைய எச்61 போர்டை, பாரலல் போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே, அதிகம் திரும்ப வரும் பத்திரிகை மாதிரிகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் அக்கா தொடங்கியிருக்கிறார். கோயில் மலர்களை மட்டும் தொடப்போவதில்லை என்கிறார். அவற்றில் பக்கத்துக்குப் பக்கம் வேறு எழுத்துரு.